மிச்சமிருந்த பிலிமில்

"துண்டு போர்த்தறது பன்னெண்டு, சாமி படம் நாலு, மேடை முழுசா ரெண்டு. அது போதுமுங் தம்பி."

கோபிச்செட்டிபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாரியம்மன் நோம்பிக்கு இன்னிசைக் கச்சேரி வைத்தால், விழாக் கமிட்டியில் போட்டோகாரருக்குச் சொல்கிற கணக்கு இதுதான். 1983-இல் கோபியில் ஒரு ஸ்டுடியோவில் உதவிக்குச் சேர்ந்தேன். எனக்கு அப்போது பதினெட்டு வயது. அடுத்த பத்து வருஷம் எத்தனையோ ஊருக்குப் போனேன். இந்தக் கணக்கை மாற்றிச் சொன்ன கமிட்டி ஒன்றுகூட இல்லை. தர்மகர்த்தாவுக்கு ஒரு துண்டு, மில் முதலாளிக்கு ஒரு துண்டு, தண்ணீர்ப் பந்தல் போட்டவருக்கு ஒரு துண்டு, பாடகருக்கும் பாடகிக்கும் ஆளுக்கொன்று. அவர்கள் காசு கொடுத்தது அந்தப் படங்களுக்கு. ஊர் விழாவில் ஊருக்குச் செய்தவர்களின் முகம் ஆல்பத்தில் இருக்கவேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் இரவு ஒன்பதரைக்கு ஆரம்பித்து விடியக்காலம் மூன்று மணி வரைக்கும் வாசித்தவர்களை யார் எடுப்பது?

நான் எடுத்தேன். கமிட்டிப் படங்களை ஸ்டுடியோவின் யாஷிகா மேட் கேமராவில், 120 பிலிமில் எடுத்து முடித்துவிட்டு, அப்புறம் கழுத்தில் தொங்கிய என் சொந்த பென்டாக்ஸ் கே1000-ஐக் கையில் எடுப்பேன். சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் தவணையில் வாங்கிய கேமரா அது. அதற்குப் பிலிமும் என் காசுதான். அப்படி எடுத்ததில் 61 ரோல் நெகட்டிவ் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தது. இந்த ஐப்பசி மழையில் வெளி வேலை ஒன்றும் இல்லாமல் போக, அவற்றை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்ய உட்கார்ந்தேன். இதை எழுதுவது அதனால்தான்.

நோம்பி இரவை அறியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். கம்பம் நட்டு, பூவோடு என்கிற தீச்சட்டி எடுத்து, மாவிளக்கு முடிந்த இரவில்தான் பெரும்பாலும் கச்சேரி இருக்கும். பெண்கள் பொழுதோடவே பாய், தலையணை, தூக்குப்போசியோடு வந்து முன்னால் இடம்பிடித்துவிடுவார்கள். ஆண்கள் பின்னால் சைக்கிள் கேரியரிலும் வண்டிப் பாரிலும் உட்கார்ந்திருப்பார்கள். ஒறம்பரை, அதாவது விருந்தாளிகள், வந்த வீட்டுப் பிள்ளைகள் பொரி கடலையை மடியில் கட்டிக்கொண்டு மேடைக்கு அடியிலேயே தூங்கிப்போவார்கள். ரேடியோ செட்டுக்காரர் கூம்பு ஸ்பீக்கரைத் தென்னை மரத்தில் கட்டி, சாயங்காலத்திலிருந்தே சாமி பாட்டுப் போட்டுக்கொண்டிருப்பார். சோமனூர், பல்லடம் பக்கத்துத் தறி ஊர்களில் இன்னொன்றும் உண்டு. நோம்பிக்குத் தறி ஓடாது. வருஷம் பூராவும் சுவர் அதிர ஓடிய சத்தம் அன்றைக்கு நின்றுபோகும். நடந்துபோனால் சொந்தச் செருப்புச் சத்தமே நமக்குக் கேட்கும். அந்த அமைதிக்குள் டிரம்ஸ்காரர் முதல்முதலாகக் கட்டையால் தட்டிப் பார்க்கும்போது ஊரே திரும்பும்.

மேடையில் முன்னால் நிற்பவர்கள் பாடுகிறவர்கள். அவர்களை எல்லோரும் எடுத்தார்கள். எனக்குப் பின்வரிசைதான் பிடித்தது. தபலா, கையால் தட்டுகிற உயரமான தும்பா, டிரம்ஸ், கிட்டார், பேஸ் கிட்டார், ஒரு ஆர்கன் அல்லது அக்கார்டியன். 1976-இல் இளையராஜா படங்களுக்கு இசையமைக்க வந்த பிறகு மேடைக் குழுக்களுக்கு ஒரு புது நெருக்கடி வந்தது. அதற்கு முன்னால் ஆர்மோனியம், தபலா, அக்கார்டியனை வைத்துச் சமாளித்த குழுக்கள் உண்டு. அவர் பாட்டில் பேஸ் கிட்டார் கீழே தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே போகும். அதை விட்டுவிட்டு வாசித்தால் பாட்டு நிற்காது. வந்திருக்கும் சனத்துக்கு அந்தக் கருவியின் பெயர் தெரியாது, ஆனால் ஏதோ குறைகிறது என்று தெரிந்துவிடும். அதனால் எந்தக் குழுவும் ஒரு பேஸ்காரரைத் தேடிப் பிடித்தாகவேண்டியிருந்தது.

அப்படிக் கிடைத்தவர்கள் முழுநேரக் கலைஞர்கள் இல்லை. நான் கூடவே சுற்றிய குழுவில் கிட்டார்காரர் கோயமுத்தூரில் சர்ச் கொயருக்கு வாசித்துப் பழகியவர். டிரம்ஸ்காரர் கல்யாண ஊர்வலத்து பேண்டு செட்டிலிருந்து வந்தவர். தும்பா அடித்தவருக்குப் பகலில் விசைத்தறி. பேஸ்காரருக்குக் கோவையில் நூற்பாலை வேலை. அவரை எல்லோரும் பேஸ் அண்ணன் என்றே கூப்பிட்டோம். கச்சேரி இருக்கும் நாளில் அரை நைட் ஷிப்டை யாருக்காவது மாற்றிவிட்டுப் பகல் ஷிப்ட் பார்ப்பார். மில் கேட்டிலேயே குழுவின் வேன் வந்து ஏற்றிக்கொள்ளும். வாசித்து முடித்து, யாராவது ஒரு வீட்டுத் திண்ணையில் சுடச்சுட அரிசிம்பருப்புச் சோறும் தயிரும் சாப்பிட்டுவிட்டு, வேனில் தூங்கிக்கொண்டே திரும்பி, எட்டு மணிக்கு மறுபடி மில்லுக்குள் போய்விடுவார். இப்படி வருஷத்தில் நாற்பது ஐம்பது இரவு.

எடுப்பது எளிதாக இல்லை. மேடையில் மூங்கிலில் கட்டிய டியூப் லைட்டுகள், இரண்டு போகஸ் லைட், அதற்கு முன்னால் சிவப்பும் பச்சையுமாகக் கலர் பேப்பர். அவ்வளவுதான் வெளிச்சம். பிளாஷ் போட்டால் படம் விழும், ஆனால் நான் பார்த்த இரவு விழாது. முன்னால் நிற்கும் முகம் சுண்ணாம்பாகி, பின்னால் இருப்பவர்கள் இருட்டில் போய்விடுவார்கள். அதனால் பிளாஷை வீட்டில் வைத்துவிட்டுப் போவேன். கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஓர்வோ என்பி 27 பிலிம் அப்போது கிடைக்கும். 27 என்பது ஜெர்மன் கணக்கில் பிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்பது. நம் கணக்கில் அது 400 ஏஎஸ்ஏ. அதை 1600 என்று நினைத்துக்கொண்டு எடுத்து, கழுவும்போது டெவலப்பரில் கூடுதல் நேரம் விடுவேன். நிழலில் ஒன்றும் இருக்காது, பொரி பொரியாகத் தெரியும். ஆனால் முகம் நிற்கும்.

டியூப் லைட் படிப்படியாகத்தான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. டிரம்ஸ்காரர் கை அசையாமல் விழவேண்டும் என்று 1/250 விநாடி ஷட்டர் வேகத்தில் எடுத்த ஒரு ரோல் முழுவதும் வெளிச்சம் சீராக விழவில்லை. ஒரு பக்கம் வெளுப்பு, ஒரு பக்கம் கறுப்பு. வீட்டு மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. அதில் டியூப் லைட் விநாடிக்கு நூறு முறை ஏறி இறங்குகிறது. ஷட்டர் அதைவிட வேகமாகப் போனால் ஏற்றத்தில் ஒரு பாதியும் இறக்கத்தில் ஒரு பாதியும் மாட்டிக்கொள்ளும். இது புரிந்த பிறகு 1/60, 1/30-க்கு மேல் நான் போகவில்லை. அந்த வேகத்தில் அடிக்கிற கை பனிமூட்டமாகத்தான் விழும். கையை ஓங்கி, அடிக்கும் முன்னால் மேலே ஒரு கணம் நிற்கிறதே, அங்கே அழுத்தினால்தான் கை கிடைக்கும். அதற்குப் பாட்டு மனப்பாடம் ஆகியிருக்கவேண்டும். எந்த இடத்தில் டிரம்ஸ் உருண்டு வரும், எந்த இடத்தில் பேஸ் மட்டும் தனியாக இறங்கும் என்று தெரிந்திருக்கவேண்டும். கேமராவைவிடப் பாட்டைத்தான் அதிகம் படித்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

பிலிம் கழுவுகிற டி-76 டெவலப்பரை நாங்களே நிறுத்துக் கலந்தோம். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுயினோன் 5 கிராம், சோடியம் சல்பைட் 100 கிராம், போராக்ஸ் 2 கிராம். தட்டார் தராசு ஒன்று அதற்கென்றே இருந்தது. கலந்த கரைசல் 20 டிகிரியில் இருக்கவேண்டும். பங்குனி, சித்திரையில்தான் நோம்பி, எங்கள் டார்க் ரூமோ தகர ஓட்டுக் கட்டடம். மண்பானையில் தண்ணீர் ஊற்றிவைத்து, சோடாக் கடையில் ஐஸ் வாங்கி டேங்கைச் சுற்றிப் போட்டு, அதிகாலையில் கழுவுவேன். பிரிண்ட் போட்ட பேப்பர் 'இந்து'. ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செய்தது. 1960-இல் ஏற்பட்ட அந்த ஆலை 1967-இல் உற்பத்தி தொடங்கியது. ஆலை இருந்த இடத்துக்கே இந்து நகர் என்று பெயர். மேட்டுப்பாளையத்தில் நின்றால் தெரிகிற அந்த மலை மேலே செய்த பேப்பரில்தான் மலைக்குக் கீழே எங்கள் ஊர் முகங்கள் எல்லாம் பதிந்தன. சிவப்பு விளக்கடியில் தட்டிலிருந்து ஒரு முகம் மேலே எழும்பி வருவதை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். ஒரு தடவைகூடச் சலித்ததில்லை.

ராக் கச்சேரிப் படங்களை முதலில் பார்த்தது பழைய பேப்பர் கடையில். கிலோவுக்கு வந்த வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்குள், அமெரிக்க ராக் கிட்டார்காரர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் கிட்டாரைத் தீவைத்துக் கொளுத்திவிட்டு முன்னால் மண்டியிட்டிருக்கும் படம் இருந்தது. கலிபோர்னியாவில் மான்டரே என்ற ஊரில் 1967 ஜூன் 18-ஆம் தேதி இரவு எடுத்தது. எடுத்தவர் எட் கராஃப், அப்போது பதினேழு வயதுப் பையன் என்று பிற்பாடு படித்தேன். மேடை ஓரத்தில் ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று நாலே நாலு படம் எடுத்திருக்கிறார். நெருப்புச் சூடு தாங்காமல் கேமராவையே முகத்துக்கு மறைப்பாகப் பிடித்துக்கொண்டாராம். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நானும் நாற்காலிமேல் ஏறித்தான் எடுத்துக்கொண்டிருந்தேன், ஏறக்குறைய அதே வயதில்.

கோயமுத்தூரில் ஒரு கல்லூரி விழாவுக்கு பெங்களூரிலிருந்து ராக் குழு வந்தபோது போய் எடுத்தேன். நல்ல கிட்டார், நல்ல செட். பையன்கள் மேடையை மொய்த்துக்கொண்டு ஆடினார்கள். அந்த ஒரு ரோலும் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. அதையும் எங்கள் நோம்பிப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், டிரம்ஸ் வாசிக்கிறவர் முகம் இரண்டிலும் ஒன்றுதான். கண் பாதி மூடி, கீழுதட்டைக் கடித்துக்கொண்டு. ஒருவர் உட்கார்ந்திருந்தது டிரம்ஸ் ஸ்டூல், இன்னொருவர் உட்கார்ந்திருந்தது ரைஸ்மில்லிலிருந்து கொண்டுவந்த முக்காலி. எங்கள் ஆள் எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லவில்லை, இரண்டையும் மேடையிலிருந்து மூன்றடி தூரத்தில் நின்று கேட்டவன் சொல்கிறேன். மேல்நாட்டில் இப்போதெல்லாம் முதல் மூன்று பாட்டுக்குத்தான் போட்டோ, பிளாஷ் கூடாது, அப்புறம் வெளியே போகவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. எங்களை யாரும் போகச் சொன்னதில்லை. நடுச்சாமத்துக்கு மேல் வாசிக்கிறவர்களுக்கு வேர்வை வற்றி, சட்டை மேல் பொத்தான் கழன்று, யாரும் பார்க்கவில்லை என்பதுபோல் தங்களுக்காகவே வாசிப்பார்கள். என்னுடைய நல்ல படங்கள் எல்லாமே இரவு ஒரு மணிக்கு அப்புறம் எடுத்தவை.

ஒரே ஓர் இரவு மட்டும் என்னிடம் இல்லை.

1986 பங்குனி. பவானிக்கு இந்தப் பக்கம் ஒரு சிற்றூர். பாதிக் கச்சேரியில் பாடுகிறவர்களின் மைக் லைன் போய்விட்டது. செட்டுக்காரர் ஒயரை உருவி உருவிப் பார்க்கிறார், சனம் விசிலடிக்கிறது. பேஸ் அண்ணனின் ஆம்ப்ளிபயருக்கு மட்டும் கரண்டு வந்துகொண்டிருந்தது. அவர் யாரையும் பார்க்காமல், தலையைக் குனிந்தபடியே, மெதுவாக நாலு சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க ஆரம்பித்தார். டிரம்ஸ்காரர் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்தார். அப்புறம் தும்பா. பத்து நிமிஷம் இருக்கும். சினிமாப் பாட்டு இல்லை, எனக்குத் தெரிந்து எந்தப் பாட்டும் இல்லை. நாலு சுரம் எட்டாகி, மேலே ஏறி, ஓர் இடத்தில் பம்பை உடுக்கை அடி மாதிரி டிரம்ஸ் மாற, பாயில் படுத்திருந்த பெண்கள் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு பாட்டி கையெடுத்துக் கும்பிட்டது. நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். எண் 36-ஐத் தாண்டியது. சரி, ஒன்றிரண்டு கூட வரும் என்று நினைத்தேன். 38, 39, 40.

அப்போதுதான் வயிற்றில் ஏதோ பிசைந்தது. பிலிமைச் சுற்றும்போது இடது பக்கக் குமிழ் கூடவே சுழலவேண்டும். அது சுழலவே இல்லை. பிலிமின் நாக்கு ஸ்பூலில் மாட்டாமல் வெளியே நின்றுவிட்டது. அந்தப் பத்து நிமிஷமும் ஒரே வெற்று இடத்தின்மேல் ஷட்டர் திறந்து மூடியிருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை எந்தக் கேமராவை எடுத்தாலும் என் கட்டைவிரல் முதலில் அந்த இடது குமிழைத்தான் தேடும், குமிழே இல்லாத டிஜிட்டல் கேமராவிலும்.

பேஸ் அண்ணன் அதை அப்புறம் ஒருபோதும் வாசிக்கவில்லை. ஒருமுறை கேட்டேன். "அது அப்பத்ததுங் தம்பி" என்றார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக மாறியது. கலர் லேப்கள் வந்தன, கமிட்டிகள் கலரில்தான் கேட்டார்கள். 100 ஏஎஸ்ஏ கலர் பிலிமுக்கு அந்த வெளிச்சம் போதாது, பிளாஷ் போட்டே ஆகவேண்டும். அதனால் அந்தக் காலத்துக் கச்சேரி ஆல்பங்களில் எல்லா ஊரும் ஒரே ஊராக இருக்கும். பின்னாலேயே வீடியோ வந்தது. கண்ணைப் பறிக்கும் ஹாலஜன் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஆள் மேடைமேலேயே நிற்பார். கீபோர்டிலேயே டிரம்ஸும் பேஸும் வந்ததும் பின்வரிசையில் முக்காலிகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன.

நான் வேலை பார்த்த ஸ்டுடியோவும் பிற்பாடு மூடப்பட்டது. இருபது வருஷத்து நெகட்டிவ்களையும் எடைக்குப் போட்டார்கள். கறுப்பு வெள்ளை நெகட்டிவில் படமாக நிற்பதே வெள்ளிதான், அதைப் பிரித்தெடுக்கிறவர்கள் கிலோ கணக்கில் வாங்கிப்போனார்கள். கலர் நெகட்டிவைக் கழுவும்போதே வெள்ளி போய்விடுகிறது, அதை வாங்க ஆள் கிடையாது. அதனால் பழையதுதான் முதலில் போனது. கல்யாணம், காதுகுத்து, சீர், பிணத்தோடு குடும்பம் நிற்கும் படம் எல்லாமே அதில் போயின. அந்தச் செய்தி எனக்கு ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். தெரிந்திருந்தால் கடன் வாங்கியாவது அத்தனையையும் நானே வாங்கியிருப்பேன். அந்த வெசனம் இன்னும் இருக்கிறது. என் ரோல்கள் என் காசில் வாங்கியவை என்பதால் வீட்டில் இருந்தன, தப்பித்தன.

போன மாதம் ஈரோட்டில் என் வீட்டுக்குப் பேஸ் அண்ணனின் மகள் வந்திருந்தார். குழுவின் பழைய பாடகர் ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். அண்ணன் இறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. "அப்பா உங்களைத் தம்பின்னுதானுங்க சொல்லுவாரு, அதனால சித்தப்பான்னே கூப்பிடறனுங்க" என்று சொல்லிவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு பிரேம் போட்ட படத்தை எடுத்தார். 1985-இல் நான் எடுத்து அவருக்குக் கொடுத்த படம். பேஸ் கிட்டாரின் கழுத்தில் இடது கை, கவிழ்ந்த முகம், எண்ணெய் வைத்து வாரிய சுத்தமான கறுப்புத் தலை. ஓரமெல்லாம் பழுப்பேறி, ஈரம் பட்டுக் கெட்டுப்போயிருந்தது. புதிதாக ஒரு பிரிண்ட் கிடைக்குமா என்று கேட்டார்.

நெகட்டிவ் இருந்தது. ஸ்கேனரில் வைத்து, ஸ்கேன் செய்வதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் தெரிகிற மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். தலைமுடியில், காதோரத்தில், புருவத்தில்கூட வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். எனக்கு அவை நினைவிருந்தன. நெகட்டிவில் தூசி ஒட்டியிருந்தால் பிரிண்டில் இப்படித்தான் வெள்ளையாக விழும். அன்றைக்கு ஸ்டுடியோ அண்ணன் திட்டினார், "நெகட்டிவைத் துடைச்சுப் போடக் கூடாதா தம்பி" என்று. நான் மூன்று நாள் உட்கார்ந்து, மெல்லிய பிரஷ்ஷில் மையைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு புள்ளியாக அடைத்தேன். அடைத்ததைத்தான் பேஸ் அண்ணனுக்குக் கொடுத்தேன்.

"தூசி அம்மிணி, இதை எடுத்துட்டுப் போட்டுத் தர்றேன்" என்றேன்.

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தூசி இல்லீங்க சித்தப்பா. பஞ்சுங்க."

பேஸ் அண்ணனுக்கு மில்லில் புளோ ரூமில் வேலை. பஞ்சுப் பேலைப் பிரித்து உதறுகிற இடம். வீட்டுக்கு வந்தால் அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தலையைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார், கச்சேரி நாளில் மட்டும் வீட்டுக்கு வராமல் அப்படியே போய்விடுவார் என்றார். முப்பது நாற்பது தடவை அவர் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறேன், நான் அதைப் பார்க்கவில்லை. மற்ற ரோல்களையும் அப்போதே எடுத்துப் பார்த்தோம். அவர் இருக்கும் படம் எதிலும் அந்தப் புள்ளிகள் உண்டு. பக்கத்தில் நிற்கும் கிட்டார்காரர் தலையில் ஒன்றும் இல்லை.

ஸ்கேன் செய்யும் மென்பொருளில் 'தூசி நீக்கு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. நான் எப்போதும் அதில் டிக் போட்டுவைத்திருந்தேன். அதை எடுத்துவிட்டு, அதுவரை செய்து முடித்த 23 ரோலையும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். அந்தப் படத்தை மட்டும் முதலில் முடித்து, பதினாறுக்கு இருபதில் பிரிண்ட் போட்டு அனுப்பினேன். ஹாலில் மாட்டியிருப்பதாகப் போன் செய்தார். பேரன் நாற்காலிமேல் ஏறி நின்று எண்ணினானாம். மொத்தம் நாற்பத்தொன்று, மீசையில் இருக்கிற ஒன்றையும் சேர்த்து.